பத்து வருட இலையும் ஒரு பி.காம். பட்டமும்

கேள்வி: நான் கோத்தகிரிக்கு அருகில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இந்த ஆண்டு வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தேன். மொத்தம் 528. கணக்குப்பதிவியல் 96, வணிகவியல் 93, பொருளியல் 91, கணினிப் பயன்பாடுகள் 95, தமிழ் 84, ஆங்கிலம் 69. ஆடிட்டர் ஆக வேண்டும், அல்லது பெரிய நிறுவனத்தில் நிதிப் பிரிவில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. ஊட்டி அரசுக் கல்லூரி, குன்னூர் மகளிர் கல்லூரி, கோயம்புத்தூரில் இரண்டு கல்லூரிகள், பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் ஆகியவை என் பட்டியலில் இருக்கின்றன. பி.காம். சி.ஏ. சேர்ந்தால் ஆடிட்டர் ஆகிவிடலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். பி.பி.ஏ. படித்தால்தான் கார்ப்பரேட் வேலை என்கிறார் மாமா. பெங்களூரில் ஆண்டுக்குக் கட்டணம் 2.75 லட்சம், விடுதி 1.5 லட்சம். அங்கே இடம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் அப்பா 10,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. மாதம் சராசரியாக 600 கிலோ இலை போடுகிறோம். எந்தக் கல்லூரி நல்லது மேடம்? (பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்:

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரி பற்றிக் கேட்டு எழுதுகிறவர்கள் மதிப்பெண்ணை எழுதுவார்கள், ஆசையை எழுதுவார்கள். வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று அநேகமாக யாரும் எழுதுவதில்லை. நீ ஏக்கரையும் கிலோவையும் எழுதியிருக்கிறாய். கணக்கு வேலைக்கு வேண்டிய புத்தி இதுதான். என் இளைய மகளைவிடச் சின்னவள் என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு சி.ஏ.வை இன்னொரு சி.ஏ.விடமிருந்து பிரித்துவிடுவோம். பி.காம். சி.ஏ. என்பதில் உள்ள சி.ஏ., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் பெயருக்குப் பின்னால் போடுகிற சி.ஏ., சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். எழுத்து இரண்டும் ஒன்று, படிப்பு வேறு. ஒவ்வொரு ஜூன் மாதமும் குன்னூர் பெட்ஃபோர்டு அருகில் இருக்கும் என் ஆடிட்டர் அலுவலகத்தின் படியேறி யாராவது ஒரு தந்தை வருவார். “பொண்ணு சி.ஏ. முடிச்சிட்டா மேடம், உங்ககிட்டயே சேர்த்துக்குங்க” என்பார். சான்றிதழை வாங்கிப் பார்த்தால் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். மூன்று ஆண்டு அந்த வீடே அவளை ஆடிட்டர் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கும். அந்தத் தந்தையிடம் உண்மையைச் சொல்லும் நிமிடம் எனக்கு வருடத்திலேயே கஷ்டமான நிமிடம். கணக்கு ஆண்டு முடிகிற மார்ச் 31கூட அதற்குப் பிறகுதான்.

பி.காம். சி.ஏ. மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. கணக்கோடு கணினியும் படிப்பது நல்லதுதான். ஆனால் அதில் கணினித் தாள்கள் எத்தனை உள்ளே வருகின்றனவோ அத்தனை கணக்கு, வரி, சட்டத் தாள்கள் வெளியே போகும். ஆடிட்டர் ஆவதென்று நீ முடிவு செய்துவிட்டால் சாதாரண பி.காம். போதும். பி.காம். பி.ஏ. என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பி.ஏ. புரொஃபஷனல் அக்கவுண்டிங். கிடைத்தால் அதையும் பார். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஆறு செமஸ்டருக்கான பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, அடக்கவிலைக் கணக்கு, நிறுமக் கணக்கு, வருமான வரி, ஜிஎஸ்டி, தணிக்கை, புள்ளியியல் ஆகியவை எந்தெந்தப் பருவத்தில் வருகின்றன என்று தேடு. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வகுத்த பாடத்திட்டத்தை இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. மற்றவை பாரதியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன.

எந்தக் கல்லூரியும் உன்னை ஆடிட்டர் ஆக்காது. அந்தத் தேர்வை நடத்துவது 1949-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான பட்டயக் கணக்காளர் நிறுவனம், அதாவது ஐ.சி.ஏ.ஐ. பிளஸ் டூ முடித்தவர் அதன் ஃபவுண்டேஷன் தேர்வை எழுதலாம். கணக்கு, வணிகச் சட்டம், வணிகக் கணிதமும் புள்ளியியலும், பொருளியல் என்று நான்கு தாள்கள், தாளுக்கு 100. ஒவ்வொன்றிலும் 40-க்குக் குறையாமல், மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். கடைசி இரண்டு தாள்களும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை; தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அடுத்தது இன்டர்மீடியட், இரண்டு குரூப்பாக ஆறு தாள்கள். இரண்டு குரூப்பும் தேறிய பிறகு ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது உதவித்தொகையோடு வேலைப் பயிற்சி. என் காலத்தில் அது மூன்று ஆண்டு. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் குறைத்துவிட்டார்கள். அதன் பிறகு ஃபைனல், மறுபடியும் ஆறு தாள்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தவர் ஃபவுண்டேஷன் எழுதாமலேயே நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். அந்த வாசல் ஊட்டியில் படித்தாலும் ஒன்றுதான், பெங்களூரில் படித்தாலும் ஒன்றுதான். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு நீ எந்தக் கல்லூரி வாசலில் நுழைந்தாய் என்பது தெரியாது.

உன் மதிப்பெண் பட்டியலில் எனக்குக் கவலை தருபவை இரண்டு. கணக்குப்பதிவியலில் 96 எடுத்தவள் ஆங்கிலத்தில் 69. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே எழுத முடியும். நானும் தமிழ் வழியில் வந்தவள்தான். ‘பற்று’, ‘வரவு’ என்று மனதில் ஓடுவதை ‘டெபிட்’, ‘கிரெடிட்’ என்று எழுதிவிடலாம். சட்டத் தாளில் ஒரு பக்கம் தொடர்ந்து ஆங்கிலத்தில் வாதம் எழுதும்போதுதான் கை நிற்கும். என் இன்டர்மீடியட்டில் ஒரு குரூப் இரண்டு முறை போனதற்குக் காரணம் கணக்கு தெரியாமல் அல்ல, அந்தக் கை நின்றதுதான். இரண்டாவது கவலை, நீ வணிகக் கணிதம் எடுக்கவில்லை. அதற்குப் பதில் கணினிப் பயன்பாடுகள் எடுத்திருக்கிறாய். ஃபவுண்டேஷனின் மூன்றாம் தாளுக்கு வட்டி, விகிதம், வரிசைமாற்றம் எல்லாம் முதலிலிருந்து கற்க வேண்டும்.

அதனால் வரும் ஜனவரித் தேர்வுக்கு அவசரப்படாதே. ஃபவுண்டேஷன் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். முதல் செமஸ்டரை ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கொடு, மே மாதத் தேர்வைக் குறிவை. இரண்டு முறை எழுதியும் வரவில்லை என்றால் விட்டுவிடு. பி.காம்.மை நல்ல மதிப்பெண்ணில் முடித்து நேரடி வழியில் வா. ஃபவுண்டேஷனில் நான்காவது, ஐந்தாவது முறை மோதிக்கொண்டு கல்லூரித் தேர்வுகளிலும் பாக்கி வைத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நேரக் கணக்கு. கோத்தகிரியிலிருந்து ஊட்டி சுமார் 30 கிலோமீட்டர். உன் கிராமத்திலிருந்து கோத்தகிரிக்கு வந்து பஸ் பிடித்து, மாலை திரும்பி வீடு சேர, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 180 வேலை நாள், மூன்று ஆண்டு. பெருக்கிப் பார், 1,350 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் படிக்கிறவளுக்கு அது ஐந்தரை மாதப் படிப்பு. பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தைப் பார்த்து வாந்தி எடுக்காதவர்கள் இருக்கலாம். நான் அந்த ஜாதி இல்லை.

மழையையும் கணக்கில் சேர். ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வுகள் நவம்பரை ஒட்டி வரும். நம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். 2009 நவம்பரில் மண் சரிந்து பாதைகள் அடைபட்ட நாள்கள் நீ குழந்தையாக இருந்தபோது நடந்தவை. உன் அப்பாவைக் கேட்டால் சொல்வார். தேர்வு நாளன்று மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை ஊரில் இருந்து போய் வருகிறவளுக்கு வேண்டும். தேர்வு வாரத்தில் மட்டுமாவது ஊட்டியில் தங்க ஓர் உறவினர் வீடு இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வை.

பணக் கணக்குக்கு வருகிறேன். ரூபாயில் போட்டால் உறைக்காது, உன் வீட்டு அளவிலேயே போடுவோம். பச்சை இலைக்குக் கிலோவுக்கு 18 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே போன மாதங்களும் உண்டு, மேலே போன மாதங்களும் உண்டு. மாதம் 600 கிலோ என்றால் ஆண்டுக்கு 7,200 கிலோ, 1,29,600 ரூபாய். பறிகூலி, உரம், மருந்து, கவாத்து எதையும் இதில் நான் கழிக்கவில்லை. பெங்களூரில் ஆண்டுக்கு 4.25 லட்சம் வீதம் மூன்று ஆண்டுக்கு 12.75 லட்சம். பதினெட்டால் வகுத்தால் 70,800 கிலோவுக்கு மேல். அதாவது உன் அம்மாவும் அப்பாவும் ஏறத்தாழ பத்து வருடம் பறிக்கும் மொத்த இலை, ஒரு கிலோ இலையின் காசைக்கூட வீட்டுச் செலவுக்கு எடுக்காமல்.

கோயம்புத்தூருக்கு இதே கணக்கைப் போடு. அரசு உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்துக் கட்டணம் 10,000, விடுதி 80,000 என்று கொண்டால் ஆண்டுக்கு 5,000 கிலோ. அதே கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் சேர்ந்து கட்டணம் 55,000 ஆனால் 7,500 கிலோ. உங்கள் தோட்டத்தின் ஓர் ஆண்டு இலையைத் தாண்டிவிட்டது. ஊட்டி அரசுக் கல்லூரியில் கட்டணமும் புத்தகமும் 5,000 என்றால் 300 கிலோவுக்கும் குறைவு, அரை மாத இலை. கட்டணங்கள் நான் போட்ட உத்தேசம்தான். உண்மையான ரசீது எண்ணை வாங்கி நீயே பதினெட்டால் வகுத்துக்கொள்.

இதில் வரவுப் பக்கமும் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கு வரும், பட்டப் படிப்பு முடியும் வரை. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். அதற்குக் கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். சேர்ந்த முதல் மாதமே அலுவலகத்தில் கேள். சாதாரண அரசுப் பஸ்களில் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் மலைப் பகுதிக்கும் வந்துவிட்டது. ஊட்டியில் சேர்ந்தால் இந்த ஆயிரத்தில் படிப்புச் செலவு போக மிஞ்சும். அந்த மிச்சம் சி.ஏ. பதிவுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகட்டும்.

கோயம்புத்தூர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு கல்லூரிகள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய், பெயர் எழுதவில்லை. பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது பிஎஸ்ஜிஆர் கிருஷ்ணம்மாள், நிர்மலா, பிஎஸ்ஜி கலை அறிவியல், அரசு கலைக் கல்லூரி ஆகியவை. நான்குமே தன்னாட்சி பெற்றவை. முதல் மூன்றில் ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் (எய்டட்) பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. வாசல் ஒன்று, சீருடை ஒன்று, பட்டமும் ஒன்று. கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்ற கட்டத்தை அவசரத்தில் தவறாக நிரப்பிவிட்டு வருகிறவர்கள் உண்டு. எய்டட் பி.காம். எங்கே, எத்தனை இடம், கடைசியாகப் போன ஆண்டு எத்தனை மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது என்ற மூன்று கேள்விகளையும் நேரில் போய்க் கேட்டுவிட்டு விண்ணப்பம் போடு.

கோயம்புத்தூரின் உண்மையான லாபம் கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஐ.சி.ஏ.ஐ.க்குக் கிளை இருக்கிறது, சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன, ஆர்ட்டிகிள்ஷிப் கொடுக்கக்கூடிய அலுவலகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நூற்பாலை, வார்ப்பாலை, பம்புத் தொழிற்சாலை, மருத்துவமனை, நகைக்கடை என்று விதவிதமான கணக்குகளை ஓர் ஆர்ட்டிகிள் பார்க்கலாம். என் அலுவலகத்துக்கு வந்தால் தேயிலைத் தொழிற்சாலை, பிறகு இன்னொரு தேயிலைத் தொழிற்சாலை, இடையில் ஒரு ஹோம் ஸ்டே. எனக்கு இந்தக் கணக்குகள் பிடிக்கும். எஸ்டேட் தன் இலையைத் தானே தூளாக்கி விற்றால் வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில் என்று பிரிப்பார்கள். உன் அப்பா பச்சையாக விற்கும் இலைக்கு முழுவதும் விவசாய வருமானம். இந்தச் சுவாரசியத்தை எல்லாம் நீ பிறகு படிப்பாய். ஆனால் இருபது வயதில் கற்றுக்கொள்ள ஆலை நகரம்தான் சரியான இடம்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-இல் தொடங்கியது. ஸ்டோன் ஹவுஸ் குன்றின் மேல், கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பழைய கல் பங்களா இருக்கும் இடம். என் பி.காம். அங்கேதான். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அதற்கு மேல் செலவு செய்யச் சக்தி இல்லை. பனிக்காலத்தில் விரல் விறைத்து எழுத வராது, கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிவிட்டு இருப்புநிலைக் குறிப்பு போடுவோம். நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இல்லை, வெளி உலகம் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அந்தக் குறையை நான் கோயம்புத்தூரில் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்த பிறகுதான் ஈடுகட்டினேன். இன்றைக்குக் கைப்பேசியும் இணைய வகுப்பும் இருப்பதால் உனக்கு அந்தக் குறை பாதியாகும், முழுதும் போகாது.

அரசுக் கல்லூரிகளுக்குத் தமிழக அரசின் சேர்க்கை இணையதளமான டிஎன்ஜிஏஎஸ்ஏவில் ஒரே விண்ணப்பம். ஊட்டி, கோயம்புத்தூர் இரண்டையும் அதிலேயே தேர்ந்தெடுக்கலாம். பி.காம். தரவரிசைக்குத் தமிழும் ஆங்கிலமும் சேராது, நான்கு முக்கியப் பாடங்களின் 400-தான். உனக்கு அது 375. ஆங்கிலத்தின் 69 இங்கே உன்னைத் தொடாது. ஊட்டியில் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. முதல் கலந்தாய்வில் அழைப்பு வராவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அழாதே. பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்கள் விலகும்போது இடங்கள் காலியாகும்.

குன்னூர் மகளிர் கல்லூரி உனக்கு ஊட்டியைவிடப் பக்கம், பயணத்தில் நேரம் மிஞ்சும். ஊட்டியில் தங்க இடம் இல்லை என்றால் அதை இரண்டாவதாக வை. கட்டணம் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்.

மாமா சொல்கிற பி.பி.ஏ. சந்தைப்படுத்தல், மனிதவளம், மேலாண்மை பக்கம் சாய்ந்த படிப்பு. பிற்பாடு எம்.பி.ஏ. போக நினைப்பவருக்குச் சரி. கணக்கில் 96 எடுத்தவள் அதை விட்டு ஏன் அங்கே போக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. யாராவது வற்புறுத்தினால் ஒன்றை மட்டும் கவனி: 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டன. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேள்.

பெங்களூருக்கு வருகிறேன். அங்கே கிடைப்பது ஒன்றுமில்லை என்று சொன்னால் அது பொய். ஆங்கிலம் தானாக வரும், பெரிய நிறுவனங்கள் பக்கத்தில் இருக்கின்றன, கூடப் படிக்கும் பிள்ளைகளின் வேகம் உன்னையும் இழுக்கும். வீட்டில் பணம் இருந்தால் போகச் சொல்வேன். உன் வீட்டில் அது கடனாகத்தான் வரும். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து ஆண்டு தவணை என்றால் மாதம் சுமார் 13,200 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் இல்லை. படிப்பு முடிந்து ஓர் ஆண்டில் தவணை தொடங்கிவிடும். அந்த நேரத்தில் நீ ஆர்ட்டிகிளாக இருப்பாய். உனக்குக் கிடைப்பது உதவித்தொகை, சம்பளம் இல்லை. அப்படியானால் ஆடிட்டர் ஆசையைத் தள்ளி வைத்துவிட்டுக் கிடைத்த வேலையில் சேர வேண்டும். பெங்களூரில் சேருவதே ஆடிட்டர் ஆவதற்குத் தடையாகிவிடும் என்பதை உன் மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டிச் சொல்.

கோயம்புத்தூர் சுயநிதிக்குக் கடன் வாங்க வேண்டி வந்தால், தொகை சிறியது, சமாளிக்கலாம். 4 லட்சம் வரை ஈடு கேட்கமாட்டார்கள். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யாத விவசாய வீடு என்பதால் தாசில்தாரின் வருமானச் சான்று தேவைப்படும்; இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பி. கமிஷன்காரர் வழியாக நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கிய இடத்துக்கு வட்டிச் சலுகையுள்ள கடன் கிடைப்பது கடினம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெங்களூர்க் கல்லூரியின் கையேட்டில் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று கட்டாயம் போட்டிருக்கும். மழை நாளில் இலை வண்டிக்காரர் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பாரே, இந்த எண்ணிலும் அப்படி ஈரம் கழிக்க வேண்டும். வேலைக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், அதில் ‘தகுதி பெற்றவர்கள்’ என்று கல்லூரி வடிகட்டியது எத்தனை பேர், வேலை என்று சொன்னது எந்த வேலை? எனக்குத் தெரிந்த ஒரு பையன், நிதித் துறை வேலை என்று வாங்கிய கடிதத்தோடு போய், நாள் முழுக்கத் தொலைபேசியில் காப்பீட்டுப் பாலிசி விற்றான். நான்கு மாதத்தில் மலையேறி வந்துவிட்டான். இப்போது பேக்கரி நடத்துகிறான், வர்க்கி நன்றாகவே இருக்கிறது.

நம்பத்தகுந்த எண் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தரவைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். இடைநிலை என்றால் எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவருடையது. நாளிதழ் விளம்பரத்தில் புகைப்படத்தோடு வரும் ஒரு பிள்ளையின் பெரிய சம்பளத்தால் அது உயராது. அந்தத் தரவு கல்லூரி முழுமைக்கும் சேர்த்தது என்பதால், பி.காம்.முக்கு மட்டும் எவ்வளவு என்று துறைத் தலைவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அதைச் சொல்லத் தயங்குகிற கல்லூரியைப் பட்டியலில் ஓர் இடம் கீழே இறக்கு.

பார்க்கப் போவதாக இருந்தால் திறப்பு விழாவுக்குப் போவதுபோல் குடும்பத்தோடு காலையில் போகாதே. கல்லூரி திறந்திருக்கும் ஒரு நாள், மதியம் மூன்றரைக்கு வாசல் பஸ் நிறுத்தத்தில் நில். இரண்டாம் ஆண்டு பி.காம். பிள்ளைகள் வருவார்கள். நேற்று எத்தனை வகுப்பு நடந்தது, வருமான வரித் தாளை யார் எடுக்கிறார்கள், விடுதியில் இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள் என்று கேள். கடைசிக் கேள்வி சி.ஏ. படிக்கிறவளுக்கு முக்கியமானது, பத்து மணிக்கு விளக்கணைக்கும் விடுதிகள் இருக்கின்றன.

பெண்ணுக்கு எதற்கு ஆடிட்டர் வேலை என்று வீட்டிலோ ஊரிலோ யாராவது ஆரம்பித்தால், நாட்டின் முதல் பெண் கணக்காளர் ஆர். சிவபோகம் சென்னைக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்தவர், தேறிய ஆண்டு 1933 என்று சொல். அதற்கு மேல் வாதம் செய்ய வேண்டியதில்லை.

உன் இடத்தில் நான் இருந்தால் கோயம்புத்தூரில் எய்டட் அல்லது அரசு பி.காம். கிடைத்தால் விடுதியோடு அதை எடுப்பேன். கிடைக்காவிட்டால் ஊட்டி. ஊட்டியில் தங்கிப் படிக்க வழி இல்லை, தினமும் போய் வருவதும் முடியாது என்றால் குன்னூர். கோயம்புத்தூர் சுயநிதி அதற்குப் பிறகு. பெங்களூரை இன்றே அடித்துவிடுவேன்.

அந்தப் பத்தாயிரம். ரசீது இருக்கிறதா? அது பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தால், விலகுகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பு. ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அறிவிக்கும் தேதிக்குள் விலகினால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. மதிப்பெண் சான்றிதழை அந்த மனிதர் கேட்டிருந்தால் நகல் மட்டும் கொடு. ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணம் என்றால் அப்பா இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேட்பதுதான் வழி, பாதியாவது வரும். இதற்காக அப்பாவிடம் கோபப்படாதே. 555 கிலோ இலையின் காசு அது, உனக்காக எடுத்துக் கொடுத்திருக்கிறார்.